ரப்பர் வளையக் கார்: நேரிழுப்பா, நெம்புகோலா, காற்றுவிசிறியா?

பத்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு சனிக்கிழமைக் காலைப்பொழுதில் செய்து முடித்து, அன்றே ஓட்டியும் பார்க்கக்கூடிய கைவேலை எது என்று கேட்டால், ரப்பர் வளையத்தால் ஓடும் மாதிரிக் காரைத்தான் நான் முதலில் சொல்வேன். மொரீஷியசில் நம் தமிழ் வகுப்புகளையும் கோயில் மண்டபங்களையும் ஒட்டி நடக்கும் சிறுவர் பயிலரங்குகளுக்கு இது பொருத்தமானது. மின்கலமும் மோட்டாரும் தேவையில்லை, வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடைக்கும். ஆனால் ரப்பர் வளையக் கார் என்று பொதுவாகச் சொல்லிவிடும் அந்தப் பெயருக்குள், ஒன்றுக்கொன்று குணம் மாறுபட்ட மூன்று அமைப்புகள் அடங்கியிருக்கின்றன. நீட்டிய வளையம் அச்சை நேராக இழுப்பது ஒன்று. வளையம் ஒரு நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் நுனியில் கட்டிய நூல் அச்சைச் சுழற்றுவது இன்னொன்று. முறுக்கிய ரப்பர் காற்றுவிசிறியைச் சுழற்றி வண்டியைத் தள்ளுவது மூன்றாவது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பயிலரங்கு நடத்துபவர் பொருள் வாங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஏனெனில் சக்கரத்தின் அளவும், அச்சின் தடிமனும், அடிச்சட்டத்தின் நீளமும் அந்தத் தீர்மானத்தைப் பொறுத்தே அமைகின்றன.

தீர்மானத்துக்கு முன் போட்டியின் விதி தெளிவாக இருக்க வேண்டும். அதிகத் தூரம் போகும் வண்டிக்குப் பரிசா, ஐந்து மீட்டரை விரைவில் கடக்கும் வண்டிக்குப் பரிசா, சாய்வுப் பலகையில் ஏறும் வண்டிக்குப் பரிசா என்பதைப் பொறுத்து விடை மாறும். விரைவாகக் கிளம்பும் வண்டி தன் ஆற்றலைச் சில நொடிகளில் கொட்டிவிடும். நெடுந்தூரம் போகும் வண்டி அதையே சிறிது சிறிதாகச் செலவழிக்கும். ஒரே வண்டி இரண்டிலும் முதலிடம் பெறும் என்று எதிர்பார்ப்பது வீண். இந்தக் கட்டுரை, மண்டபத்தின் ஓடு பதித்த தரையில் நேராக நெடுந்தூரம் ஓட வேண்டும் என்ற விதியை அடிப்படையாகக் கொள்கிறது; மற்ற இரண்டைப் பற்றி வேண்டிய இடத்தில் மட்டும் சொல்கிறேன்.

முதலில் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். எழுதுபொருள் கடையில் பெட்டியாக விற்கும் சாதாரண ரப்பர் வளையம் ஒன்றை, அதாவது நீட்டாத நிலையில் சுமார் 8 செ.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் உள்ள ஒன்றை, மேலும் 20 செ.மீ. நீட்டினால், முடிவில் அது ஏறத்தாழ 10 நியூட்டன் விசையோடு, அதாவது ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுக்கும். தொடக்கத்தில் விசை இல்லை, முடிவில் 10 நியூட்டன். சராசரியாக 5 நியூட்டன் என்று கொண்டால், சேமித்த ஆற்றல் 5 நியூட்டனை 0.2 மீட்டரால் பெருக்கி வரும் 1 ஜூல். ரப்பரின் இழுவிசை உண்மையில் இவ்வளவு நேர்கோட்டில் உயர்வதில்லை என்றாலும், மதிப்பீட்டுக்கு இது போதும். 150 கிராம் எடையுள்ள வண்டிக்கு, தரையின் தடையும் அச்சின் உராய்வும் சேர்ந்து எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், அதை எதிர்க்கும் விசை 0.044 நியூட்டன். ஒரு ஜூலும் வீணாகாமல் செலவானால் வண்டி ஏறத்தாழ 22 மீட்டர் போய் நிற்கும். இந்த 22 மீட்டர்தான் நம் முழு மூலதனம். எந்த அமைப்பும் இதைக் கூட்டாது. எவ்வளவை வீணாக்காமல் தருகிறது என்பதில்தான் அமைப்புகள் வேறுபடுகின்றன. எடையைக் குறைப்பதும் உராய்வைக் குறைப்பதும் ஏன் எந்த நுணுக்கமான பொறியமைப்பையும்விட அதிகப் பலன் தருகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

நேரிழுப்பு அமைப்பில் வளையத்தின் ஒரு முனை வண்டியின் முன்பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை பின்னச்சை இழுக்கும். பின்சக்கரம் சிடி என்றும், அச்சு 3 மி.மீ. மூங்கில் குச்சி என்றும் கொள்வோம். சிடியின் விட்டம் 120 மி.மீ. ஆகையால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் உள்ள விகிதம் 40. அச்சை ஒரு முறை சுற்றிவரும் நீளம் 9.4 மி.மீ. என்பதால், 20 செ.மீ. இழுப்பு அச்சை 21 முறை சுழற்றும். சிடி ஒரு சுற்றுக்கு 37.7 செ.மீ. உருளும் என்பதால் வளையம் தள்ளும் தூரம் சுமார் 8 மீட்டர். அதற்குப் பிறகு வண்டி தான் பெற்ற வேகத்தில் தானாக உருள வேண்டும். தரையில் கிடைக்கும் தள்ளுவிசை, அச்சில் உள்ள இழுவிசையை 40ஆல் வகுத்தது. எனவே தொடக்கத்தில் 0.25 நியூட்டன், சராசரியாக 0.125 நியூட்டன். தடைவிசை 0.044 என்பதோடு ஒப்பிட்டால், வண்டி தயங்காமல் கிளம்பும், சீராக வேகம் பிடிக்கும் என்பது தெரியும். இதே கணக்கை 9 மி.மீ. அச்சுக்குப் போட்டால் வளையம் தள்ளும் தூரம் 2.7 மீட்டராகச் சுருங்கி, தொடக்க விசை 0.75 நியூட்டனாக உயர்கிறது. ஐந்து மீட்டர் விரைவோட்டத்துக்கு அதுவே நல்லது. ஆனால் அதற்குத் தரையில் பற்று வேண்டும், அதைப் பின்னால் பார்ப்போம். சக்கரத்துக்கும் அச்சுக்கும் உள்ள இந்த விகிதமே முழு வடிவமைப்பின் அச்சாணி. எந்த அமைப்பைத் தேர்ந்தாலும், நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு விகிதத்தைத்தான்.

நேரிழுப்பிலும் ஒரு கிளைக் கேள்வி உண்டு. ரப்பரையே அச்சில் சுற்றுவதா, அல்லது ரப்பரின் முனையில் ஒரு நூலைக் கட்டி அந்த நூலைச் சுற்றுவதா? இணையத்தில் பரவலாகக் காணப்படும் எளிய படங்கள் ரப்பரையே சுற்றச் சொல்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. ரப்பர் அச்சில் அடுக்கடுக்காக ஏறும்போது அச்சு தடித்துக்கொண்டே போய், நாம் கணக்கிட்ட விகிதம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. தடித்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. ஓட்டத்தின் முடிவில் ரப்பர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் அதுவே தடையாகவும் மாறுகிறது. மெல்லிய, நீளாத நூல், மீன்பிடி நூலோ பட்டம் விடும் நூலோ எதுவாயினும், இந்தக் குறைகள் மூன்றையும் ஒருசேர நீக்குகிறது. கூடுதல் வேலை என்று பார்த்தால் ஒரு முடிச்சு மட்டுமே.

நூலை அச்சோடு இறுகக் கட்டிவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சில் ஒரு சிறு கொக்கியோ, குறுக்கே குத்திய ஊசித்துண்டோ இருக்க, நூலின் முனையில் போட்ட கண்ணி அதில் மாட்டியிருக்க வேண்டும். இழுப்பு முடிந்ததும் கண்ணி தானாகக் கழன்றுவிட்டால், வண்டி தடையின்றி உருண்டுகொண்டே போகும். கட்டிப்போட்ட நூல், இழுப்பு முடிந்த பின் அச்சில் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கி, வளையத்தை மறுபடியும் நீட்டி, வண்டியின் வேகத்தையெல்லாம் விழுங்கி, சில சமயம் வண்டியைப் பின்னோக்கி இழுத்தும் வரும். மேலே சொன்ன கணக்கில் வண்டி கடக்கும் தூரத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, இழுப்பு முடிந்த பிறகு உருளும் பங்கே. கொக்கியைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் சரிசெய்தாலும் அந்தப் பங்கு கிடைக்காது.

நெம்புகோல் அமைப்பு பார்வைக்குக் கவர்ச்சியானது. எலிப்பொறியின் வில்லால் ஓடும் மாதிரிக் கார்களிலிருந்து வந்த இந்த முறையில், 30 செ.மீ. மூங்கில் தண்டு ஒன்று கீல் போலப் பொருத்தப்பட்டு, கீலுக்கு அருகே ரப்பர் இழுக்க, தண்டின் நுனியில் கட்டிய நூல் அச்சைச் சுழற்றுகிறது. தண்டு அரைவட்டம் திரும்பினால் நுனி 60 செ.மீ. தூரம் இடம்பெயரும், அதாவது இழுப்பின் நீளம் மூன்று மடங்கு. இதைக் கேட்டதும் தூரமும் மூன்று மடங்கு ஆகும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆற்றல் அதே ஒரு ஜூல்தான் என்பதால், இழுப்பு மூன்று மடங்கு நீண்டால் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறையும்: நூலில் சராசரியாக 1.7 நியூட்டன், தரையில் 0.042 நியூட்டன். நம் தடைவிசை 0.044. வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவே தயங்கும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. அச்சை 5 மி.மீ. ஆகத் தடிப்பாக்கினால் தள்ளுவிசை 0.07 நியூட்டனாக உயர்ந்து, வண்டி மெல்ல, ஆனால் நீண்ட நேரம், 14 மீட்டர் வரை தள்ளப்பட்டுக்கொண்டே போகும். மிக மெதுவாகப் போவதால் காற்றின் எதிர்ப்பும் அதிர்வும் குறைவு. கோட்பாட்டளவில் நெடுந்தூரத்துக்கு இதுவே சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன், தடைவிசையை நன்றாக அறிந்து, விகிதத்தை அதற்கு இம்மி பிசகாமல் பொருத்துபவருக்கே கிடைக்கும். அச்சுத்துளை சற்று இறுகினாலோ தரையில் ஓடுகளுக்கிடையே உள்ள இடுக்கு ஒன்று சற்று ஆழமாக இருந்தாலோ வண்டி அங்கேயே நின்றுவிடும். நேரிழுப்பு வண்டி அதையே கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் செய்யும் இடத்தில் இப்படி இழையளவு இடைவெளியில் நிற்கும் ஓர் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், ஒரு வாரம் அமர்ந்து அளந்து திருத்தும் பொறுமை உடையவர்கள், தாராளமாக இதில் இறங்கலாம்.

நெம்புகோலின் நன்மையில் ஒரு பகுதியை, நேரிழுப்பை விடாமலேயே பெறுவதற்கு ஒரு வழி உண்டு. பழைய கடிகாரங்களில் வில்லின் விசை குறையக் குறைய அதை ஈடுகட்ட, சங்கிலி சுற்றும் உருளையைக் கூம்பு வடிவத்தில் செய்வார்கள். முழுமையாக முறுக்கிய நிலையில் வில் வலுவாக இழுக்கும்போது சங்கிலி கூம்பின் மெல்லிய பகுதியில் இருக்கும். வில் தளரத் தளரத் தடித்த பகுதிக்கு வரும். இதையே காரின் அச்சிலும் செய்யலாம். அச்சின் ஒரு பக்கத்தில் காகித ஒட்டுநாடாவைப் படிப்படியாகச் சுற்றி 3 மி.மீ.யிலிருந்து 7 மி.மீ. வரை தடிக்கும் ஒரு சிறு கூம்பை உருவாக்கி, நூலைத் தடித்த முனையிலிருந்து சுற்றத் தொடங்கி மெல்லிய முனையில் முடிக்க வேண்டும். கடைசியாகச் சுற்றியதே முதலில் அவிழும் என்பதால், ரப்பர் முழு வலுவோடு இருக்கும் தொடக்கத்தில் நூல் மெல்லிய பகுதியிலும், ரப்பர் தளரும்போது தடித்த பகுதியிலும் இருக்கும். தள்ளுவிசை ஓட்டம் முழுதும் ஏறக்குறைய சமமாக இருக்கும், தொடக்கத்தில் சக்கரம் வழுக்குவதும் குறையும். நூல் கூம்பின் சரிவில் வழுக்கிக் கீழே சேர்ந்துவிடாமல் ஒவ்வொரு சுற்றையும் அருகருகே கையால் ஒதுக்கிச் சுற்ற வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே தொல்லை. முதல் வண்டி ஓடிய பிறகு, ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்ட வேலையாக இதைக் கொடுக்கலாம்.

காற்றுவிசிறி அமைப்புக்கு நீண்ட மரபு இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான அல்ஃபோன்ஸ் பெனோ 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிசின் துய்லெரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் விசிறியைச் சுழற்றி, ஒரு மாதிரி விமானத்தை 11 நொடிகள், சுமார் 40 மீட்டர் தூரம் பறக்கவிட்டார். அதே பொறியைச் சக்கரங்களின்மேல் ஏற்றினால் விசிறிக் கார். இதில் அச்சும் ரப்பரும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்பதால் நான்கு சக்கரங்களும் தடையின்றி உருளும். சக்கரம் வழுக்கும் பேச்சே இல்லை. முறுக்கிய ரப்பர் பல நூறு சுற்றுகள் தாங்கி, நேராக நீட்டிய ரப்பரைவிட நெடுநேரம் ஆற்றலை விடும். இவ்வளவு நன்மை இருந்தும் நான் இதை மூன்றாவது இடத்தில் வைப்பதற்குக் காரணம், மெதுவாக நகரும் வண்டியில் விசிறி தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றைப் பின்னுக்கு எறிவதிலேயே செலவிட்டுவிடுகிறது என்பதுதான். நின்ற நிலையில் வண்டியை நகர்த்தும் பயன் பூச்சியம். வேகம் கூடக்கூடத்தான் பயன் கூடும், மாதிரிக் காரின் வேகமோ விமானத்தின் வேகத்துக்கு அருகில்கூட வருவதில்லை. விசிறியின் இலையைச் சரியான சரிவோடு செதுக்குவதும் சிறு பிள்ளைகளுக்கு எளிதல்ல. வாங்குவதென்றால் பொம்மை விமானத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். திறந்த வெளியில் ஓட்டினால் நம் தீவின் தென்கிழக்குக் காற்று முடிவைத் தீர்மானித்துவிடும். சுழலும் இலை விரலில் பட்டால் வலிக்கவும் செய்யும். செய்துகாட்டுவதற்கு ஒன்றே ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அதைத்தான் சூழ்ந்துகொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே, நூலோடு கூடிய நேரிழுப்பு. இனி அதற்குள் தேர்ந்தெடுக்க வேண்டியவை.

சக்கரத்துக்கு இரண்டு பொருள்கள் இயல்பாக நினைவுக்கு வரும்: பாட்டில் மூடியும் சிடியும். மூடி அழகாக இருக்கும், எடை சுமார் இரண்டு மூன்று கிராம்தான், வண்டியும் கைக்கடக்கமாக அமையும். ஆனால் அதன் விட்டம் 30 மி.மீ.; 3 மி.மீ. அச்சோடு விகிதம் 10 மட்டுமே. 20 செ.மீ. இழுப்பு 2 மீட்டரில் முடிந்துவிடும். தொடக்கத் தள்ளுவிசை 1 நியூட்டன் என்பதால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று ஆற்றலைத் தரையில் தேய்த்துவிடும். மூடியை முன்சக்கரமாக வைப்பதில் தவறில்லை, பின்சக்கரத்துக்கு அது பொருந்தாது. சிடி ஒவ்வொன்றும் சுமார் 15 கிராம் எடை. உருளும் சக்கரத்தைச் சுழற்றவும் தனியே ஆற்றல் தேவைப்படுவதால், வேகம் பிடிக்கும்போது அது ஒன்றரை மடங்கு எடையுள்ளது போல நடந்துகொள்ளும். அந்த ஆற்றல் வீணாவதில்லை, உருளும்போது திரும்பக் கிடைக்கிறது என்பதால் நெடுந்தூர ஓட்டத்தில் இது பெரிய குறையல்ல. பக்திப் பாடலும் மொரீஷியசின் சேகா இசையும் பதிந்த பழைய சிடிகள் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. நடுவில் உள்ள 15 மி.மீ. ஓட்டைக்கு மேல் பாட்டில் மூடியை ஒட்டி, மூடியின் மையத்தில் துளையிட்டு அச்சைச் செருகலாம். மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வண்டி நொண்டிக்கொண்டே போகும் என்பதால், மூடியை ஒட்டும் முன் சிடியின் ஓரத்திலிருந்து நான்கு பக்கமும் அளந்துகொள்வது நல்லது.

பற்று பற்றி மேலே தொட்டுச் சென்றேன். 150 கிராம் வண்டியின் எடையில் பாதி பின்சக்கரத்தில் இறங்கினால் அது சுமார் 0.75 நியூட்டன், வழவழப்பான ஓட்டில் சிடியின் வெறும் விளிம்பு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பற்றும் என்று கொண்டால், 0.22 நியூட்டனுக்கு மேல் தள்ள முயன்றால் சக்கரம் வழுக்கும். நம் தொடக்க விசை 0.25. எல்லையில் நிற்கிறோம். ஊதும் பலூனின் நடுப்பகுதியை வளையமாக வெட்டிச் சிடியின் விளிம்பில் மாட்டினால் பற்று இரண்டு மடங்குக்கு மேல் உயரும், வழுக்கல் நின்றுவிடும். பின்சக்கரங்களுக்கு மட்டும் மாட்டினால் போதும். முன்சக்கரத்துக்கு மாட்டுவது தடையைத்தான் கூட்டும்.

அச்சு சுழலும் குழாய்க்கு உலகமெங்கும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைச் சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது: 2021 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களுக்கு மொரீஷியசில் தடை இருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த காகிதக் குழல் ஈரப்பதத்தில் நைந்து, குறிப்பாக மேட்டுநில ஊரான கூர்ப்பீப் பக்கத்து ஈரக் காற்றில், உட்புறம் பிசிறு கட்டி அச்சைப் பிடித்துக்கொள்ளும். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவின் கூடு இதற்கு மிக நல்லது. கடினமான, வழவழப்பான உட்புறம் உடையது, 3 மி.மீ. குச்சி அதில் தாராளமாகச் சுழலும். கூட்டை முழு அகலத்துக்கும் வைக்காமல், இரு ஓரங்களிலும் இரண்டு செ.மீ. துண்டாக வெட்டி வைத்து, நடுவில் நூல் சுற்ற இடம் விட வேண்டும். அச்சுக்கு இறைச்சி கோத்துச் சுடும் ப்ரோஷெத் குச்சி போதும். இன்னும் நேராகவும் மெல்லியதாகவும் வேண்டுமென்றால் பழைய மிதிவண்டியின் 2 மி.மீ. எஃகுக் கம்பி. விகிதம் அப்போது 60 ஆகிவிடும் என்பதை மறந்துவிடாமல், நூல் சுற்றும் இடத்தில் ஒட்டுநாடா சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும். உருளைப்பலகையில் (ஸ்கேட்போர்டு) வரும் பேரிங்கைக் கழற்றிப் பொருத்துபவர்கள் உண்டு. எடையும், உள்ளே அடைத்த கிரீசின் பிசுபிசுப்பும் சேர்ந்து இவ்வளவு இலேசான வண்டிக்கு நன்மையைவிடச் சுமையே அதிகம்.

அடிச்சட்டத்தின் வேலை சக்கரங்களைத் தாங்குவது மட்டுமல்ல. நீட்டிய ரப்பர் அதன் இரு முனைகளையும் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு நெருக்குகிறது. சட்டம் வில்லாக வளைந்தால் அச்சு சாய்ந்துவிடும், வளைவில் போன ஆற்றலும் முழுதாகத் திரும்பாது. நெளிவு அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டுவதானால் நெளிவுகள் வண்டியின் நீளவாட்டில் ஓடும்படி வெட்ட வேண்டும், குறுக்குவாட்டில் வெட்டிய அட்டை முதல் இழுப்பிலேயே மடங்கும். 35 செ.மீ. நீளமுள்ள இரண்டு மூங்கில் சிம்புகளை ஏணிபோல இணைத்த சட்டம் அட்டையைவிட விறைப்பானது; தைப்பூசக் காவடிக்கு மூங்கில் வகிர்ந்து வளைத்துக் கட்டிப் பழகிய பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதால், பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுக்காமல் அவர்களைக் கொண்டு முன்கூட்டியே சிம்புகளை வகிர்ந்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, மே, ஜூன் மாதங்களில் கரும்புத் தோட்டங்களில் வெள்ளி நிறமாய்ப் பூத்து நிற்கும் கரும்புப் பூவின் காம்பு. உள்ளே தக்கைபோல் இருக்கும் இந்தக் காம்பு நீளவாட்டில் விறைப்பானது, மூங்கிலைவிட மிகவும் இலேசானது. ஆனால் அதில் ஆணியோ கொக்கியோ நேராகக் குத்தினால் பிளந்துவிடும். நூலால் வரிந்து கட்டிப் பசை தடவியே இணைக்க வேண்டும். எடை குறைப்பில் இதற்கு நிகரில்லை என்றாலும், முதல் வண்டிக்கு மூங்கிலையே நான் சொல்வேன்.

நான்கு சக்கரமா, மூன்று சக்கரமா என்பதில் எனக்கு ஐயமில்லை: முன்னால் ஒன்றே போதும். முன்னச்சும் பின்னச்சும் ஒன்றுக்கொன்று ஒரே ஒரு பாகை விலகியிருந்தால், 30 செ.மீ. இடைவெளியுள்ள வண்டி 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். 10 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் விலகிச் சுவரில் மோதும். மண்டபங்களில் வண்டிகள் நிற்பது பெரும்பாலும் ஆற்றல் தீர்ந்ததால் அல்ல, சுவரால்தான். ஒற்றை முன்சக்கரத்தைச் சிறிது இடம் வலம் திருப்பி இறுக்கும்படி அமைத்துவிட்டால், இரண்டு மூன்று ஓட்டங்களில் வண்டியை நேராக்கிவிடலாம். நான்கு சக்கர வண்டியில் அதே திருத்தத்துக்கு அச்சையே பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும்.

ரப்பரைக் கடைசியாக வைத்தேன். லண்டனில் ஸ்டீபன் பெரி 1845 மார்ச் 17 அன்று காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து ரப்பர் வளையத்தின் வடிவம் மாறவில்லை, ஆனால் ரப்பர் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. மிதிவண்டியின் உள்டியூபை வெட்டிப் பட்டையாக்கினால் வலுவாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த டியூப் பெரும்பாலும் ப்யூட்டைல் ரப்பரால் ஆனது, காற்றைக் கசியவிடாது என்பதே அதன் சிறப்பு. நீட்டச் செலவழித்த ஆற்றலில் பெரும்பங்கை அது வெப்பமாக விழுங்கிவிடும். தையல் கடையில் கிடைக்கும் துணி சுற்றிய இலாஸ்டிக்கும் அப்படியே. இயற்கை ரப்பரால் செய்த சாதாரண எழுதுபொருள் வளையமே இவற்றைவிட மேல். இரண்டு வளையங்களைச் சங்கிலியாகக் கோத்தால் இழுப்பு இரட்டிக்கும், பக்கத்தில் பக்கமாக மாட்டினால் விசை இரட்டிக்கும். சேமிக்கும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. தூரப் போட்டிக்கு முன்னது, விரைவோட்டத்துக்கும் சாய்வு ஏறுவதற்கும் பின்னது.

வளையத்தை அதன் இயல்பான நீளத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் நீட்ட வேண்டாம். அதற்கு மேலும் நீளும், ஆனால் அறுந்து தெறிக்கும் வாய்ப்பு கூடும், முகத்துக்கு நேரே பிடித்து நீட்டும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. நீட்டிய நிலையில் சில நிமிடங்கள் வைத்திருந்தாலே ரப்பரின் இழுவிசை குறையத் தொடங்கும் என்பதால், தன் முறை வரும் வரை வண்டியைச் சுற்றி வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. தொடக்கக் கோட்டுக்கு வந்த பிறகே நூலைச் சுற்ற வேண்டும். வெயில் படும் சன்னலோரத்தில் கிடந்த வளையங்களில், நீட்டிப் பார்த்தால் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். போட்டி என்று வந்துவிட்டால், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த புதிய வளையங்களை எல்லோருக்கும் கோட்டருகிலேயே கொடுத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் இரண்டு முறை மெதுவாக நீட்டித் தளரவிட்டு மாட்டச் சொல்வது, வண்டிகளின் வித்தியாசத்தை ரப்பரின் வித்தியாசத்திலிருந்து பிரித்துக் காட்டும்.